குழந்தைக்கு ஒரு சிம்: குடும்பப் பிளான் எதைக் காக்கும், எதைக் காக்காது

மொபைல் கடையில் போய் "ஃபேமிலி பிளான் வேணும், பையனுக்கும் ஒரு சிம் சேர்த்துக்கணும்" என்று கேட்டால், கடைக்காரர் டேட்டா எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, எந்த ஓடிடி இலவசம் என்று சொல்வார். பையன் இரவு பதினொரு மணிக்குப் போன் பார்ப்பதை அந்தப் பிளான் நிறுத்துமா, தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்பைத் தடுக்குமா, அவன் எங்கே இருக்கிறான் என்று காட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இல்லை. இந்தியாவில் குடும்பப் பிளான் என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே பில், ஒரே டேட்டா தொட்டி. குழந்தையின் பாதுகாப்பு அதற்குள் கிடையாது. அது வேறு இரண்டு இடங்களில், போனின் இயங்குதளத்திலும் ஒவ்வொரு செயலியின் அமைப்புகளிலும் இருக்கிறது.

சிம், போன், செயலி என்ற இந்த மூன்று அடுக்குகளில் ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. சிம்மில் டேட்டாவை நிறுத்தினாலும் வீட்டு வைஃபையில் யூடியூப் ஓடும். போனில் நேரக் கட்டுப்பாடு போட்டாலும், அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்ஆப் குழுவில் யார் பேசுகிறார்கள் என்று போனுக்குத் தெரியாது. ஆகவே, எந்த அடுக்கு எதுவரை வேலை செய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவதே நல்லது.

சிம் யார் பெயரில்?

18 வயது நிரம்பாதவருக்கு இந்தியாவில் சிம் வழங்கக் கூடாது. சிம் வாங்குவது ஓர் ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே குழந்தையின் சிம் அம்மா அல்லது அப்பா பெயரில்தான் இருக்கும். அந்த எண்ணிலிருந்து என்ன நடந்தாலும் விசாரணை முதலில் பெற்றோரைத் தேடித்தான் வரும்.

ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் இது 6. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி வரம்பை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒன்பதெல்லாம் நமக்கு எங்கே என்று தோன்றும். ஆனால் தாத்தா பாட்டி, ஊரிலிருக்கும் உறவினர், தோட்டத்து மோட்டாரை இயக்கும் சிம், கார் ஜிபிஎஸ் சிம் என்று எல்லாமே வீட்டில் ஒரே ஒருவரின் ஆதாரில் எடுத்திருப்பது சாதாரணம். புது சிம் வாங்கும் முன், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் ஓடும் இணைப்புகளின் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்து துண்டிக்கலாம்.

சிம் கைக்கு வந்த நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் 0 என்று எழுதி 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்புகள் முழுக்கத் தடை. குழந்தை தெரியாமல் அழுத்திக் காலர் டியூன், ஜாதகம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதாவது சேவை ஒட்டிக்கொண்டால் 155223-ஐ அழைத்து நீக்கலாம். போனில் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தாளில் எழுதி பில்லோடு வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு சஞ்சார் சாத்தியில் அந்த எண்ணைக் கொடுத்து எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாமல் முடக்கலாம். மிக முக்கியமாக, உங்கள் வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ எதையும் குழந்தையின் எண்ணோடு இணைக்காதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் எண் என்பதால் வங்கி தடுக்காது. அதனால்தான் இந்தத் தவறு எளிதில் நடந்துவிடுகிறது.

ஒரே தொட்டி, நான்கு குழாய்

போஸ்ட்பெய்டு குடும்பப் பிளானில் ஒரு முதன்மை எண்ணும், அதன்கீழ் மாதம் ஒரு தொகைக்குச் சேர்க்கும் துணை எண்களும் இருக்கும். டேட்டாவைப் பொதுவில் வைப்பது ஒரு முறை. துணை எண் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சில ஜிபி கொடுத்து மீதியைப் பொதுவில் வைப்பது இன்னொரு முறை. பொதுத் தொட்டியில் பிரச்சினை எங்கே வரும் என்று ஊகிக்கலாம். பள்ளி விடுமுறை மாதத்தில் மகன் எச்டி தரத்தில் வீடியோ பார்த்தால் பத்தாம் தேதிக்கே தொட்டி காலி. அலுவலகத்தில் இருக்கும் அம்மாவின் போனிலும் வேகம் விழுந்துவிடும். நிறுவனத்தின் செயலியில் ஒவ்வொரு துணை எண்ணுக்கும் டேட்டா உச்சவரம்பு வைக்க வசதி இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் குழந்தையின் போனிலேயே வரம்பு வைக்கலாம்: செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு பகுதிக்குப் போய், பில்லிங் தேதியைச் சரியாகக் கொடுத்து, டேட்டா வரம்பை இயக்க வேண்டும். அந்தத் தேதி தவறாக இருந்தால் கணக்கு முழுதும் பிசகும்.

முதன்மை எண்ணுக்குப் பில் கட்டத் தவறினால் துணை எண்களும் சேர்ந்தே முடங்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டியூஷன் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் போன், அப்பா பில்லை மறந்ததால் அழைக்க முடியாமல் போகும். ஆட்டோ டெபிட் போட்டு வைப்பது இதற்காகவாவது தேவை.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என் தேர்வு குடும்பப் பிளான் அல்ல. தனி ப்ரீபெய்டு சிம், பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ், பட்டன் போன். டேட்டா வேண்டாதவர்களும் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த நிலையை மாற்ற, குரலும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 84 நாள், 365 நாள் என அவை 2025 தொடக்கத்தில் வந்தன. கடைகளில் அவற்றை முன்வந்து சொல்வது அரிது. நிறுவனத்தின் செயலியில் தேடி எடுக்க வேண்டும். ஏற்கெனவே டேட்டா உள்ள பேக் ஓடினால் 1925-க்கு ஸ்டாப் என்று எஸ்எம்எஸ் அனுப்பி அந்த எண்ணில் டேட்டாவை மட்டும் நிறுத்தலாம். ஸ்டார்ட் என்று அனுப்பினால் திரும்ப வரும்.

பட்டன் போன் வாங்கும்போது நெட்வொர்க்கைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திரும்பி வருபவர்கள் ஏராளம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. 4ஜி வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதியுள்ள பட்டன் போன்தான் வேண்டும். அப்படிப்பட்ட சில போன்களில் யூடியூபும் யுபிஐயும் இருக்கும். இணையம் வேண்டாம் என்பதற்காக வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

நிறுவனமே ஏன் வடிகட்டித் தருவதில்லை?

ஜப்பானில் இது வேறு மாதிரி வளர்ந்தது. அங்கே 2006-இலேயே டொகோமோ என்ற மொபைல் நிறுவனம் குழந்தைகளுக்கென்று தனிப் போனைக் கொண்டுவந்தது. அதில் அபாய மணியும் இருப்பிடம் காட்டும் வசதியும் இருந்தன. 2009 ஏப்ரலில் அமலான இளையோர் இணையச் சட்டம், பயன்படுத்துபவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் மொபைல் நிறுவனமே வடிகட்டியைத் தர வேண்டும், பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால்தான் எடுக்கலாம் என்று பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தது. சிம்மைப் பயன்படுத்தப் போவது யார் என்ற கேள்வி அங்கே கடையிலேயே எழுகிறது. நம் ஊரிலோ சிம் அப்பா பெயரில். அதைப் பயன்படுத்துவது 11 வயதுச் சிறுமி என்ற தகவல் நிறுவனத்திடம் எங்கேயும் பதிவாவதில்லை. பதிவே இல்லாதபோது பாதுகாப்பை எங்கிருந்து தருவார்கள்? என் பார்வையில் நம் குடும்பப் பிளான்களின் பெரிய ஓட்டை இதுதான். துணை எண்ணைச் சேர்க்கும் படிவத்தில் பயன்படுத்துபவரின் வயதைக் கேட்கும் ஒரு கட்டம் இருந்தால்கூடப் பாதி வேலை தொடங்கிவிடும்.

தொழில்நுட்ப எல்லையும் உண்டு. இன்று இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி பூட்டிய உறையில் போகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதை நிறுவனம் அறியலாம். தளத்துக்குள் எந்தக் காணொளி, எந்தச் செய்தி என்பதை அறிய முடியாது. முழுத் தளத்தையும் அடைக்கலாம், ஒரு காணொளியை மட்டும் அடைக்க முடியாது. அந்த நுணுக்கம் வேண்டுமென்றால் போனுக்குள்தான் போக வேண்டும்.

ஃபேமிலி லிங்க்: சரியாகப் போட்டால்

ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017-இல் வந்தது. இலவசம். ஒரு குடும்பக் குழுவில் ஆறு பேர் வரை இருக்கலாம். இதைப் போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே ஒரு பிழை செய்திருப்பார்கள்: குழந்தையின் போனில் பெற்றோரின் ஜிமெயிலும் இருக்கும். பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையைத் தொட்டு அம்மாவின் கணக்குக்கு மாறினால் எந்தச் செயலியையும் அனுமதி கேட்காமல் இறக்கலாம். யூடியூபிலும் அப்படியே. கட்டுப்பாடுகள் குழந்தையின் கணக்கோடு ஒட்டியவை என்பதால், அந்தப் போனில் குழந்தையின் கணக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

ஆகவே பழைய போனைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் புகைப்படங்களையும் தொடர்புகளையும் காப்பெடுத்துவிட்டு, கணக்குகளை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் திரும்பவும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். பிறகு உங்கள் போனில் ஃபேமிலி லிங்க்கை நிறுவி, குழந்தையின் உண்மையான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு உருவாக்குங்கள். அலுவலகமோ பள்ளியோ கொடுத்த மின்னஞ்சல் பெற்றோர் கணக்காக ஏற்கப்படாது. சொந்த ஜிமெயில் வேண்டும். அதன்பின் குழந்தையின் போனை முதன்முறை இயக்கும்போதே அந்தக் கணக்கைப் போட்டால், அடுத்த திரையில் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு மேற்பார்வை அமைந்துவிடும். தொடங்க 30 நிமிடம் ஒதுக்கி, இரண்டு போன்களையும் வைஃபையில் வைத்துச் செய்யுங்கள்.

நேர அமைப்பில் மூன்று தனித்தனி வசதிகள் இருக்கின்றன: ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற தினசரி வரம்பு, இரவு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்ற ஓய்வு நேரம், ஒவ்வொரு செயலிக்குமான வரம்பு. தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனி. போனுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் டேப்லெட்டிலும் இன்னொரு இரண்டு மணி நேரம் கிடைக்கும். வரம்பு முடிந்து போன் பூட்டினாலும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பும் செய்யலாம். ஆனால் பாட பயன்பாட்டுக்கான செயலி, அகராதி போன்றவை பூட்டிவிடக் கூடாதென்றால் அவற்றை 'எப்போதும் அனுமதி' பட்டியலில் சேர்க்க வேண்டும்.

செயலி ஒப்புதலிலும் நுணுக்கம் உண்டு. ஒருமுறை ஒப்புக்கொண்ட செயலியைப் பிள்ளை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினால் உங்களிடம் கேட்காது. புதுப்பிப்புக்கும் கேட்காது. பணம் செலவழிக்கும் ஒப்புதல் பிளே ஸ்டோர் வழியாகப் போகும் பணத்துக்கு மட்டும். விளையாட்டுக்குள் வேறு இணையப் பக்கம் திறந்து கட்டும் பணத்தை அது பார்க்காது. வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ வரும் செயலிக் கோப்பை நேரடியாக நிறுவும் வழியையும் அடைக்க வேண்டும். ஃபேமிலி லிங்க்கில் குழந்தையின் கருவியைத் திறந்தால், தெரியாத மூலங்களிலிருந்து நிறுவுதல், டெவலப்பர் அமைப்புகள் என்ற இரண்டும் இருக்கும். இரண்டையும் அணைத்து வையுங்கள்.

இருப்பிடம் காட்டவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். போன் இயங்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும், லொகேஷன் இயங்க வேண்டும். இவை மூன்றும் இருந்தும் பழைய இடத்தையே காட்டினால் பேட்டரி சேமிப்புதான் காரணமாக இருக்கும். பல நிறுவனங்களின் போன்கள் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும். குழந்தையின் போனில் ஃபேமிலி லிங்க்குக்கும் கூகுள் பிளே சேவைகளுக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட்டை அனுமதிக்க வேண்டும். வரைபடப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருந்தால் துல்லியம் குறைவு, பிள்ளை அதற்குள் எங்கேயோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைப் பார்த்துவிட்டு "ஏன் அந்தத் தெருவுக்குப் போனே?" என்று சண்டை போட வேண்டாம்.

யூடியூபுக்கு வயதுவாரியான அடுக்குகள் உண்டு. யூடியூப் கிட்ஸில் 4 வயதுக்குள், 5 முதல் 8, 9 முதல் 12 என மூன்று. பெரிய யூடியூபிலேயே மேற்பார்வைக் கணக்கு வைத்தால் 9-க்கு மேல், 13-க்கு மேல், ஏறக்குறைய எல்லாமும் என மூன்று. தமிழ்க் காணொளிகளில் இந்த வடிகட்டி ஆங்கிலத்தைப் போல நம்பத்தக்கதல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் தேர்ந்தெடுத்த காணொளி, சேனல்கள் மட்டும் என்ற அமைப்பு யூடியூப் கிட்ஸில் இருக்கிறது. அதற்கு மெனக்கெட வேண்டும். ஆனால் நிஜமாகவே வேலை செய்வது அதுதான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஃபேமிலி ஷேரிங்கும் ஸ்கிரீன் டைமும் உண்டு. அங்கே நடக்கும் பொதுவான தவறு ஒன்றே ஒன்று: செயலிக்கு வரம்பு வைத்துவிட்டு, 'வரம்பு முடிந்ததும் தடு' என்பதை இயக்காமல் விடுவது. அப்போது வரம்பு முடிந்ததும் ஒரு எச்சரிக்கை வரும், பிள்ளை அதைத் தள்ளிவிட்டுத் தொடரும். ஸ்கிரீன் டைமின் நான்கு இலக்க எண் போனைத் திறக்கும் எண்ணிலிருந்து வேறாக இருக்க வேண்டும்.

வைஃபையும் வாட்ச்சும்

வீட்டு வைஃபையில் ஆபாசத் தளங்களை அடைக்க எளிய வழி ஒன்று: ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, அதன்கீழ் 1.0.0.3 என்று போட வேண்டும். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காகக் கொடுத்த இலவசச் சேவை இது. வீட்டில் உள்ள டிவி, டேப்லெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் செய்யாது, இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பும் விபிஎன் செயலி போட்டாலும் செய்யாது. ரவுட்டரின் பழைய கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் பிள்ளையே உள்ளே போய் மாற்றிவிடும்.

சிம் போடும் ஜிபிஎஸ் வாட்ச்கள் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு நிறைய விற்கின்றன. மலிவான வாட்ச்களில் பல 2ஜி. மேலே சொன்ன ஜியோ பிரச்சினை இங்கும் வரும். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் கிடைக்காதபோது வாட்ச், அருகிலுள்ள டவரை வைத்து இடத்தைக் கணிக்கும். அப்போது சில நூறு மீட்டர் முதல் கிலோமீட்டர் வரை பிசகலாம். பள்ளியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ரயில் நிலையத்தில் இருப்பதாகக் காட்டுவது இதனால்தான். இதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. 2017 அக்டோபரில் நார்வே நுகர்வோர் மன்றம் குழந்தைகளுக்கான சில வாட்ச்களைச் சோதித்து, வெளியாள் உள்ளே நுழைந்து குழந்தையின் இடத்தைப் பார்க்க முடியும் என்று காட்டியது. அடுத்த மாதமே ஜெர்மனி, சத்தமில்லாமல் சுற்றுப்புறத்தை ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தை வாட்ச்களைத் தடை செய்தது. நம் சந்தையில் அந்த வசதியையே 'பெற்றோருக்கு நிம்மதி' என்று விளம்பரம் செய்கிறார்கள். வகுப்பறையில் இருக்கும் மற்ற முப்பது குழந்தைகளையும் ஆசிரியரையும் சேர்த்தே அது ஒட்டுக்கேட்கிறது. அந்த வசதியுள்ளதை வாங்காதீர்கள்.

வாட்ஸ்ஆப்பும் பணமும்

வாட்ஸ்ஆப்புக்குக் குறைந்தபட்ச வயது 13. வகுப்புக் குழு, டியூஷன் குழு என்று அதற்கு முன்பே தேவை வந்துவிடுகிறது. அப்படியானால் குழு பெற்றோரின் எண்ணில் இருக்கட்டும். 13-க்குப் பிறகு கொடுத்தால் பிரைவசி பகுதியில் மூன்று, கணக்குப் பகுதியில் ஒன்று என நான்கு மாற்றங்கள் செய்யுங்கள்: குழுவில் சேர்ப்பவர்கள் 'என் தொடர்புகள்' மட்டும், புரொஃபைல் படம் தொடர்புகளுக்கு மட்டும், தெரியாத அழைப்புகளை ஒலிக்காமல் வை, கணக்குப் பகுதியில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண். மாதம் ஒருமுறை 'இணைக்கப்பட்ட கருவிகள்' பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். யாரோ ஒருவர் க்யூஆர் காட்டி ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தால் அது அங்கே தெரியும்.

பணத்துக்கு, உங்கள் யுபிஐ பின்னைச் சொல்லிக் கொடுப்பதைவிட யுபிஐ சர்க்கிள் மேல். 2024-இல் வந்த இதில், உங்கள் கணக்கிலிருந்து செலவழிக்க இன்னொருவரைச் சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்பது உச்சவரம்பு. அதற்குள் நீங்கள் விரும்பிய குறைந்த தொகையை வைக்கலாம். பகுதி அனுமதி கொடுத்தால் ஒவ்வொரு முறையும் உங்கள் பின் போட்டால்தான் பணம் போகும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு முதலாவதும், வீட்டிலிருந்து கடைக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டாவதும் பொருந்தும். பணம் ஏமாந்துபோனால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். யாராவது பிள்ளையை மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098.

சட்டமும் மெல்ல வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். உலகச் செயலிகள் 13 என்று வைத்த கோட்டை நம் சட்டம் 18-இல் போட்டிருப்பதால், இனிமேல் பெற்றோரின் ஒப்புதல் கேட்கும் திரைகள் நிறைய வரும். வந்ததும் 'சரி' என்று தட்டிவிட்டுப் போகாமல், எதற்கு ஒப்புதல் என்று படித்துவிட்டுத் தட்டுங்கள்.

18 முடிந்ததும்

பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது சிம்மை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். அந்த எண்ணில்தான் அவருடைய வங்கிக் கணக்கு, கல்வி உதவித்தொகை, ஆதார் எல்லாம் இணையப் போகின்றன. துணை எண்ணாக இருந்தால் முதலில் பில் பாக்கியைத் தீர்த்து, குடும்பப் பிளானிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பின்பு இருவரும் அடையாளச் சான்றோடு நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போய்ப் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சிறு ரீசார்ஜ் கடைகளில் இது நடக்காது. பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றக் கேட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். புது சிம் கார்டு மாற்றியிருந்தால் 7 நாள் கழித்தே எண் மாற்றக் குறியீடு கிடைக்கும். மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதால், கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளிலோ கலந்தாய்வுப் பதிவு நாளிலோ இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஓடிபி வராமல் வரிசையில் நிற்க நேரும்.